திரும்பிச் செல்லும் வழி: போர்க்காலக் குழந்தைகளும் வெளிநாட்டுத் தன்னார்வலர்களும்

கேள்வி

1937 மே 21 அன்று ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் பில்பாவோ நகரை ஒட்டிய சாந்தூர்ச்சி துறைமுகத்திலிருந்து ‘ஹபானா’ என்ற கப்பல் புறப்பட்டது. எண்ணூறு பயணிகளைக் கொள்ளக்கூடிய கப்பல் அது. ஏறியிருந்த குழந்தைகள் மட்டும் ஏறத்தாழ 3,840 பேர். துணைக்கு ஆசிரியைகளும் உதவிப் பெண்களும் சில பாதிரியார்களும் இருந்தார்கள். கெர்னிகா நகரம் விமானக் குண்டுவீச்சில் எரிந்து நான்கு வாரம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு குழந்தையின் சட்டையிலும் ஆறு மூலை கொண்ட ஓர் அட்டை குத்தப்பட்டிருந்தது. ‘இங்கிலாந்துப் பயணக்குழு’ என்று ஸ்பானிய மொழியில் ஒரு வரி, அதனுடன் ஓர் எண். அந்த எண்ணுக்குரிய பெயரும் வயதும் குடும்பமும் ஒரு பட்டியலில் பதிவாகியிருந்தன.

எழுபது ஆண்டுகள் கழித்து, 2007 அக்டோபரில், ஆப்பிரிக்காவின் சாட் நாட்டிலுள்ள அபேஷே என்ற ஊரில் 103 குழந்தைகளை விமானத்தில் ஏற்றப்போகும் நேரத்தில் ஒரு பிரெஞ்சுத் தொண்டமைப்பினர் கைதானார்கள். அந்தக் குழந்தைகளின் உடலிலும் ஓர் அடையாளம் இருந்தது: காயமே இல்லாத கைகால்களில் சுற்றிய கட்டுத்துணி.

இரண்டு இடங்களிலும் வந்தவர்கள் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள். போரிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்றுகிறோம் என்று இரு தரப்பும் உறுதியாக நம்பின. ஒன்றை வரலாறு உதவி என்கிறது. மற்றதை நீதிமன்றம் குற்றம் என்றது. இந்த வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இரண்டு வாசிப்புகளும் அவற்றின் போதாமையும்

இதுபற்றிய எழுத்து பெரும்பாலும் இரண்டு அணிகளாகப் பிரிந்து கிடக்கிறது. முதல் அணி வீரக்கதை சொல்கிறது. விடுமுறைக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகவிருந்த லண்டன் பங்குச்சந்தைத் தரகர் நிக்கலஸ் விண்டன் பிராக் நகருக்குப் போய் 669 குழந்தைகளை மீட்ட கதை இதன் முன்மாதிரி. அண்மையில் அது திரைப்படமாகவும் வந்தது. இரண்டாவது அணி ஐயத்தோடு பார்க்கிறது. பணக்கார நாட்டவர் ஏழை நாட்டுத் துயரத்தில் தம் மனநிறைவைத் தேடுகிறார் என்பது அதன் குற்றச்சாட்டு. நைஜீரிய அமெரிக்க எழுத்தாளர் தேஜு கோல் 2012இல் ‘வெள்ளை மீட்பர்’ மனநிலையைப் பற்றி எழுதியபின் இந்த வாசிப்பு பொதுவெளியில் பரவலாயிற்று.

எனக்கு இரண்டிலும் ஒரே குறை தெரிகிறது. இரண்டும் தன்னார்வலரின் நெஞ்சைப் பிளந்து பார்க்கின்றன. அங்கே அன்பு இருந்தால் வணக்கம், ஆணவம் இருந்தால் கண்டனம். ஆனால் வரலாற்றுச் சான்றுகளில் அன்பும் ஆணவமும் ஒரே ஆளிடம், பல நேரம் ஒரே நாளில், கலந்தே கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்க ஆவணம் எதுவும் உதவாது. ஆவணத்தால் நிறுவக்கூடியது வேறொன்று. குழந்தையின் பெயர், பெற்றோரின் பெயர், ஊர், யார் ஒப்படைத்தார், யாரிடம் போனது ஆகியவற்றை எவரேனும் எழுதிவைத்தார்களா? எழுதியது உண்மையா? பெற்றோர் தேடி வந்தால் அந்த ஏட்டைக் கொண்டு குழந்தையைக் கண்டுபிடிக்க முடியுமா? போர்க்காலக் குழந்தை உதவியை மதிப்பிட மனநோக்கத்தைவிட இந்தக் கணக்கு நம்பத்தக்க அளவுகோல் என்பது என் வாதம். இதற்கு விதிவிலக்குகளும் இருக்கின்றன. அவற்றையும் பார்க்க வேண்டும்.

ஹபானாவிலிருந்து இறங்கியவர்கள்

பிரிட்டிஷ் அரசு அந்தக் குழந்தைகளை விரும்பி அழைக்கவில்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தலையிடாக் கொள்கையைக் கடைப்பிடித்த அரசு, அனுமதி கொடுத்தபோதே பொதுப்பணத்தில் ஒரு காசும் செலவிட முடியாது என்று நிபந்தனை போட்டது. ஒரு குழந்தைக்கு வாரம் பத்து ஷில்லிங் என்ற பொறுப்பைத் தன்னார்வக் குழுக்கள் ஏற்க வேண்டியிருந்தது. பில்பாவோவில் இருந்துகொண்டு லண்டனை விடாமல் நச்சரித்தவர் முன்னாள் தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் லியா மானிங். ரிச்சர்ட் எல்லிஸ், ஆட்ரி ரஸல் என்ற இரு மருத்துவர்கள் அங்கே சென்று குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். சௌதாம்ப்டன் அருகே நார்த் ஸ்டோனம் என்ற இடத்தில் ஒரு விவசாயியின் வயலில், இரண்டு வாரத்துக்கும் குறைந்த காலத்தில், உள்ளூர்த் தொண்டர்கள் கூடார முகாம் அமைத்தார்கள்.

முகாமில் நடந்த ஒரு சம்பவம் பல வரலாற்று நூல்களிலும் வருகிறது. ஜூன் 19 அன்று பில்பாவோ கிளர்ச்சித் தளபதி பிராங்கோவின் படையிடம் வீழ்ந்தது. அந்தச் செய்தியை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். குழந்தைகள் கதறினார்கள், சிலர் ஒலிபெருக்கியை நோக்கிக் கல்லெறிந்தார்கள், பெரிய பையன்கள் சிலர் முகாமை விட்டு வெளியேறி, எப்படியாவது ஊருக்குப் போய்ப் போரிடுவோம் என்று நடக்கத் தொடங்கினார்கள். உணவும் உடையும் கூடாரமும் ஏற்பாடு செய்த நல்லவர்களுக்கு, இந்தக் குழந்தைகளுக்குத் தகப்பன் தாய் இன்னும் அந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது அந்த மாலையில்தான் முழுதாக உறைத்திருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் அறிவிப்பது என்று முடிவெடுத்தவரின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. புத்தியைச் சந்தேகிக்கலாம்.

அடுத்த கட்டம்தான் நம் கேள்விக்கு முக்கியமானது. பில்பாவோ வீழ்ந்ததும் குழந்தைகளைத் திருப்பி அனுப்பச் சொல்லி பிராங்கோ தரப்பு நெருக்கியது. பிரிட்டனில் வலதுசாரி ஏடுகளும் அதையே வற்புறுத்தின. பிரிட்டனில் இவர்களுக்குப் பொறுப்பேற்றிருந்த பாஸ்க் குழந்தைகள் குழு உடனே இணங்கவுமில்லை, அடியோடு மறுக்கவுமில்லை. திரும்ப அழைப்பது உண்மையில் பெற்றோர்தானா, அல்லது அவர்கள் பெயரில் வேறு யாரேனுமா என்று ஒவ்வொரு கோரிக்கையாகச் சரிபார்த்தது. பெற்றோர் சிறையிலோ நாடு கடந்தோ இருந்த குழந்தைகள் தங்கினார்கள். அழைத்தது பெற்றோர்தான் என்று உறுதியான குழந்தைகள் திரும்பினார்கள். 1937 இறுதியில் தொடங்கி இரண்டாம் உலகப் போருக்குள் பெரும்பாலோர் ஊர் சேர்ந்துவிட்டனர். சில நூறு பேர் மட்டும் பிரிட்டனில் எஞ்சினர். கப்பலில் ஏற்றியது துணிச்சல் என்றால், இந்தச் சலிப்பூட்டும் சரிபார்ப்பு வேலை அதைவிடக் கடினமானது. அதற்கு அந்த ஆறு மூலை அட்டை தேவைப்பட்டது.

பிராக்: பொய்த்தாளும் உண்மைப் பெயரும்

விண்டன் கதையைத் தனியொருவரின் கதையாகச் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவர் பிராக்கில் இருந்தது 1938 டிசம்பர் கடைசியிலிருந்து ஏறக்குறைய மூன்று வாரம். அவருக்கு முன்பே, அக்டோபரிலேயே, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பொருளியல் ஆசிரியர் டோரீன் வாரினர் அங்கே போய் அகதிகளை வெளியேற்றும் பணியைத் தொடங்கியிருந்தார். விண்டன் லண்டன் திரும்பியபின், ஸ்வானேஜ் என்ற கடலோர ஊரின் பள்ளி ஆசிரியர் டிரெவர் சாட்விக் பிராக்கில் குழந்தைகளை ரயிலேற்றும் வேலையைப் பார்த்தார். ஜெர்மனி பிராக்கைப் பிடித்த 1939 மார்ச் 15க்குப் பிறகு அந்த வேலையை நாஜிக் காவல்துறையின் கண்முன்னே செய்ய வேண்டியிருந்தது.

விண்டனின் பங்கு வேறு வகையானது. எந்த அமைப்பும் அவரை நியமிக்கவில்லை. ஏற்கெனவே இயங்கிய அகதிகள் குழுவின் பெயருக்குக் கீழே ‘குழந்தைகள் பிரிவு’ என்று தாமே சேர்த்துக் கடிதத்தாள் அச்சடித்துக்கொண்டார். பகலில் பங்குச்சந்தை, மாலையில் பட்டியல். ஒவ்வொரு குழந்தைக்கும் வளர்ப்புக் குடும்பம் தேட வேண்டும், எதிர்காலத்தில் நாடு திரும்பும் செலவுக்கென்று ஐம்பது பவுன் உத்தரவாதம் கட்ட வேண்டும், உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வாங்க வேண்டும். குடும்பங்கள் தேர்ந்தெடுக்க வசதியாகக் குழந்தைகளின் படங்களை அட்டையில் ஒட்டி அனுப்பினார். முகம் பார்த்துக் குழந்தையைத் தேர்ந்தெடுக்கும் இந்த முறை இன்று நமக்குச் சங்கடமாக இருக்கிறது. அன்றும் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். யூதக் குழந்தைகளைக் கிறித்தவக் குடும்பங்களில் சேர்க்கிறார் என்று யூத சமயத் தலைவர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த எதிர்ப்பை மதவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது; குழந்தை எந்தச் சமூகத்துக்குத் திரும்பும் என்ற கேள்வி அதற்குள் இருந்தது.

என் அளவுகோலுக்கு முதல் சோதனை இங்கேதான் வருகிறது. உள்துறை அமைச்சகம் தாமதித்தபோது இந்தக் குழுவினர் நுழைவு அனுமதிகளைப் போலியாகத் தயாரித்தார்கள். அப்படியானால் ஆவணம் நேர்மையாக இருக்க வேண்டும் என்ற வாதம் என்னாவது? போலியானது எது என்று பார்க்க வேண்டும். அரசின் முத்திரை போலி. குழந்தையின் பெயரும் பெற்றோரின் பெயரும் ஒப்படைப்பும் உண்மை. ரயில் நிலையத்தில் வழியனுப்பிய தாய்க்குத் தன் பிள்ளை எந்த நாட்டுக்குப் போகிறது என்று தெரியும். ஏமாந்தது எல்லைக் காவலர் மட்டுமே.

திரும்பிச் செல்லும் வழி ஏட்டில் திறந்திருந்தும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது உண்மையில் மூடிப்போயிற்று. எட்டு ரயில்கள் போயின. 1939 செப்டம்பர் 1 அன்று 250 குழந்தைகளோடு கிளம்பவேண்டிய ஒன்பதாவது ரயில் போர் வெடித்ததால் கிளம்பவே இல்லை. போர்க்காலத்தில் பெற்றோருடன் தொடர்புகொள்ள எஞ்சியது செஞ்சிலுவைச் சங்கத்தின் இருபத்தைந்து சொல் கடிதம். பலருக்கு 1942க்குப் பின் அதுவும் நின்றது. பெற்றோரில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். ஆனாலும் பட்டியல் பயனற்றுப் போகவில்லை. விண்டன் வைத்திருந்த ஒட்டுப்புத்தகம் 1988இல் வெளியே வந்தபோது, தாங்கள் எப்படி இங்கிலாந்து வந்தோம் என்றே சரியாகத் தெரியாமல் ஐம்பது ஆண்டு வாழ்ந்தவர்கள் அதில் தங்கள் பெயரைக் கண்டார்கள்.

சைகோன், ஏப்ரல் 1975

அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்ட் 1975 ஏப்ரல் 3 அன்று ‘குழந்தைகள் வான்பயணத் திட்டம்’ என்று நாம் அழைக்கக்கூடிய ‘ஆபரேஷன் பேபிலிஃப்ட்’டை அறிவித்தார், இருபது லட்சம் டாலர் ஒதுக்கினார். வடவியட்நாம் படை சைகோனை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நாளே, திட்டத்தின் முதல் இராணுவ விமானமான சி-5ஏ கிளம்பிய சற்று நேரத்தில் பழுதாகி வயலில் விழுந்தது. இறந்த 138 பேரில் 78 பேர் குழந்தைகள். குழந்தைகளோடு அனுப்பப்பட்ட ஆவணங்கள் பலவும் அழிந்தன. அதன்பிறகும் விமானங்கள் பறந்தன. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

சைகோன் அனாதை விடுதிகளில் பல ஆண்டுகளாக வேலை செய்த வெளிநாட்டுத் தொண்டர்களின் அர்ப்பணிப்பில் குறை சொல்ல இடமில்லை. சத்துக்குறைவால் நாளும் குழந்தைகள் சாகும் இடத்தில் இரவும் பகலும் உழைத்தவர்கள் அவர்கள். பெயர் தெரியாமல் வந்த கைக்குழந்தைகளுக்குத் தாங்களே ஒரு பெயர் வைத்து அழைத்தார்கள்; வேறு என்ன செய்வது? நெருக்கடி முற்றியபோது அந்த அழைப்புப் பெயரே ஆவணப் பெயராயிற்று. பயண அனுமதி வந்த குழந்தை இறந்துபோனால் அந்தத் தாளில் இன்னொரு குழந்தையை அனுப்பியதும் நடந்தது. ஓர் உயிரையாவது காப்போம் என்ற எண்ணத்தில் செய்தது அது. பிராக் குழுவும் போலித்தாள் செய்தது என்று இங்கே ஒருவர் நினைவூட்டலாம். ஆனால் இங்கே போலியானது குழந்தை யார் என்பதே.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வியட்நாமில் அனாதை விடுதி என்பது அனாதைகளுக்கு மட்டுமான இடமாக இருக்கவில்லை. கணவன் போரில், கையில் காசில்லை, மூன்று பிள்ளைகள் என்றால் ஒன்றைச் சில காலம் விடுதியில் விட்டுவைப்பதும், நிலைமை தேறியதும் அழைத்துக்கொள்வதும் வழக்கம். அமெரிக்கப் படையினருக்குப் பிறந்த குழந்தைகளுக்குப் புதிய ஆட்சியில் தீங்கு நேரும் என்ற அச்சமும் சில தாய்மார்களை ஒப்படைக்க வைத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்து இருந்தாலும், அது எதற்கான கையெழுத்து என்பது இரு தரப்புக்கும் ஒன்றாகப் புரிந்திருந்ததா என்பது வேறு விஷயம்.

குழந்தைகளில் பலர் அனாதைகள் அல்ல என்பதைக் கண்டுபிடித்தது எந்த அரசுத் துறையும் அல்ல. சான் பிரான்சிஸ்கோவின் பிரெசீடியோ இராணுவ வளாகத்தில் வந்திறங்கிய குழந்தைகளைக் கவனிக்க நூற்றுக்கணக்கான உள்ளூர்வாசிகள் வந்தார்கள். தூக்கிக்கொஞ்சினார்கள், பால் புகட்டினார்கள். அவர்களிடையே வியட்நாமிய மொழி தெரிந்த ஒரு செவிலியர் இருந்தார். அவர் பெரிய குழந்தைகளிடம் பேச்சுக் கொடுத்தார். அவர்கள் அம்மாவைப் பற்றியும் அண்ணன் தங்கையைப் பற்றியும் சொன்னார்கள். வீட்டுக்குப் போகவேண்டும் என்றார்கள். அதிலிருந்துதான் ஏப்ரல் மாத இறுதியில் ‘நுயென் தா யென் எதிர் கிஸ்ஸிஞ்சர்’ என்ற வழக்கு பிறந்தது. வழக்கு இழுபட்டது. எல்லாக் குழந்தைகளுக்குமான பொதுவழக்காக அது நிலைக்கவில்லை. ஆவணங்கள் மூடி முத்திரையிடப்பட்டன. குடும்பத்தோடு சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. அந்த வளாகத்துக்கு வந்த அத்தனை பேரிலும் குழந்தைகளைப் பேசவிட்டுக் கேட்கக்கூடிய ஒருவர் செய்ததுதான் அங்கே நடந்த மிகப் பெரிய தொண்டு என்று நினைக்கிறேன். ஆனால் அந்த நாட்களின் செய்திப் படங்களில் முன்னே தெரிவது குழந்தையைக் கையில் ஏந்திய அதிபர்தான்.

அபேஷேயின் கட்டுத்துணி

‘லார்ஷ் த ஸொயே’, அதாவது ‘ஸொயேயின் பேழை’ என்ற பிரெஞ்சு அமைப்பு 2004 ஆழிப்பேரலைக்குப் பின் உருவானது. அதன் தலைவர் எரிக் ப்ரெதோ முன்பு தீயணைப்புத் தொண்டராக இருந்தவர். 2007இல் சூடானின் டார்ஃபூர் போர்க்குழந்தைகளைப் பிரான்சுக்குக் கொண்டுவரப்போவதாக அவர் அறிவித்தார். வீடுகள் முன்வந்தன, பணமும் கட்டின. சாட் நாட்டில் வேறு பெயரில் இயங்கிய இந்தக் குழு, குழந்தைகளை அங்கேயே வைத்துப் படிக்கவைப்போம் என்று கிராமத் தலைவர்களிடம் சொன்னது. பிரான்சில் வாட்ரி விமான நிலையத்தில் வளர்ப்புக் குடும்பங்கள் காத்திருந்தபோது அபேஷேயில் கைது நடந்தது.

அகதிகளுக்கான ஐ.நா. ஆணையமும் யூனிசெஃபும் செஞ்சிலுவைச் சங்கமும் குழந்தைகளிடம் பேசிப் பார்த்தன. அவர்களில் பெரும்பாலோர், 91 பேர், தாங்கள் பெற்றோராகக் கருதும் பெரியவர் ஒருவராவது உள்ள வீட்டில் வாழ்ந்தவர்கள். பெரும்பாலோரின் ஊர் டார்ஃபூரில்கூட இல்லை, சாட் எல்லைக் கிராமங்களில். குழுவோடு இருந்த பத்திரிகையாளர் ஒருவர் எடுத்த படத்தில், நலமாக இருக்கும் குழந்தைகளுக்குக் கட்டுப் போடுவதும் மருந்தேற்றும் குழாய் வைப்பதும் பதிவாகியிருந்தன. ஆறு பேருக்கு சாட் நீதிமன்றம் எட்டு ஆண்டுக் கடுங்காவல் விதித்தது. அவர்கள் பிரான்சுக்கு மாற்றப்பட்டு, 2008 மார்ச் இறுதியில் அதிபர் இத்ரிஸ் டெபியின் மன்னிப்பில் வெளிவந்தார்கள். குழந்தைகள் பல மாதம் கழித்தே வீடு சேர்ந்தார்கள்.

இதை வெறும் மோசடி என்று ஒதுக்குவது எளிது. அந்தக் குழுவில் பலர் உயிரைக் காப்பதாகவே நம்பினார்கள் என்று தோன்றுகிறது, அதுதான் கவலைக்குரியது. டார்ஃபூரில் குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பொது உண்மை, எதிரே நிற்கும் இந்தக் குழந்தை யார் என்ற தனி உண்மையை விசாரிக்கவிடாமல் தடுத்தது. உள்ளூர்மொழி தெரிந்த ஒருவரை உட்கார்த்தி அரைமணி நேரம் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. கேட்டால் விமானம் காலியாகத் திரும்ப நேரிடும்.

பிரிக்காமல் உதவியவர்கள்

குழந்தையை வெளியே கொண்டுபோவது மட்டுமே வழி என்ற எண்ணத்துக்கு அதே காலத்தில் மாற்று இருந்தது. ஸ்விட்சர்லாந்து ஆசிரியை எலிசபெத் ஐடென்பென்ஸ் 1937இல் ஸ்பெயினுக்குப் போனவர். பிராங்கோ வெற்றியை நெருங்கியபோது லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டித் தென்பிரான்சின் கடற்கரை முகாம்களில், ஆர்ஷலேயிலும் சாந்த் சிப்ரியனிலும், மணலில் கிடந்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. ஐடென்பென்ஸ் எல்ன் என்ற ஊரில் பாழடைந்த ஒரு மாளிகையை வாடகைக்கு எடுத்து, 1939 டிசம்பரில் பிரசவ இல்லமாக்கினார். முகாமிலிருந்து கர்ப்பிணியை அழைத்துவருவார். பிரசவத்துக்குப் பின்னும் சில வாரம் தாயும் சேயும் அங்கேயே தங்குவார்கள். 1944 ஏப்ரலில் ஜெர்மானியர்கள் மூடவைக்கும் வரை அங்கே ஏறத்தாழ 600 குழந்தைகள் பிறந்தன. ஸ்பானியப் பெண்களோடு யூத, ரோமா இனப் பெண்களும் வந்தார்கள். நடுநிலை காக்கச் சொன்ன தம் தொண்டமைப்பின் தலைமையகத்தை மீறி யூதத் தாய்மாரின் பெயரை அவர் மாற்றி எழுதியதும் உண்டு. என் அளவுகோலுக்கு இது மெய்யான விதிவிலக்கு: ஏடு கொலைகாரன் கைக்குப் போகும் இடத்தில் உண்மைப் பெயரை எழுதிவைப்பது துரோகம். ஆனால் அங்கே குழந்தைக்கும் தாய்க்கும் இடையே ஏடு தேவைப்படவில்லை. குழந்தை தாயின் மடியில் இருந்தது.

கோட்பாட்டு அளவில் இதே முடிவுக்கு வந்தவர் அன்னா ஃபிராய்ட். லண்டன் குண்டுவீச்சின்போது டோரதி பர்லிங்ஹாமுடன் சேர்ந்து ஹாம்ஸ்டெட் போர்க்காலக் குழந்தையகங்களை நடத்தினார். பணம் கொடுத்தது ஸ்பானியக் குழந்தைகளுக்காக 1937இல் தொடங்கப்பட்டு, பிறகு அமெரிக்கக் கொடையாளிகளால் நிலைத்த வளர்ப்புப் பெற்றோர் திட்டம். ஒரு கொடையாளி, ஒரு குழந்தை, ஒரு புகைப்படம் என்று இன்றும் நமக்குப் பழக்கமான முறை அங்கே வேர்விட்டதுதான். அந்தக் கொடையாளிகளுக்கு எழுதிய மாதாந்திர அறிக்கைகளில் அன்னா ஃபிராய்ட் பதிவு செய்தது: தாயோடு இருக்கும் சிறு குழந்தை குண்டுவீச்சைத் தாங்கிக்கொள்கிறது, தாயிடமிருந்து பிரித்துப் பாதுகாப்பான இடத்தில் வைத்த குழந்தை அதைவிட அதிகம் பாதிக்கப்படுகிறது.

வரலாற்றாய்வாளர் தாரா ஸாரா 2011இல் வெளியிட்ட நூலில், இந்தக் கருத்தையே வரலாற்றுக்குள் வைத்துப் பார்க்கிறார். குடும்பமே குழந்தையின் இயல்பான இடம் என்ற உளவியல் உண்மை, போருக்குப் பின்னான ஐரோப்பாவில் தேசத்தையும் குடும்பத்தையும் மறுபடி கட்டியெழுப்பும் அரசியலோடு சேர்ந்தே வலுப்பெற்றது என்பது அவர் வாதம். நாஜி முகாம்களிலிருந்து மீண்ட சிறுவர்கள் பலர் ஒருவரையொருவர் குடும்பமாகக் கொண்டார்கள். அவர்களை உறவினரிடம் அனுப்புவது எப்போதும் மீட்பாக அமையவில்லை. ஸாராவின் எச்சரிக்கை சரியானது. ஆயினும் அது பதிவேட்டின் தேவையைக் குறைக்கவில்லை. குடும்பத்தோடு சேர வேண்டுமா என்று முடிவெடுக்கவே முதலில் குடும்பம் எங்கே என்று தெரிய வேண்டும்.

விடுதி என்ற ஈர்ப்பு

1994இல் ருவாண்டா இனப்படுகொலைக்குப் பின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் குடும்பத்தைப் பிரிந்தார்கள். எல்லைக்கு அப்பால் கோமா முகாம்களில் வெளிநாட்டு அமைப்புகள் போட்டிபோட்டுக்கொண்டு குழந்தை விடுதிகள் திறந்தன. விடுதியில் சோறு முகாமைவிட மேலாக இருந்தது. விளைவு எவரும் ஊகிக்கக்கூடியதே: பெற்றோர் உள்ள குழந்தைகளும் வாசலில் வந்து நின்றார்கள். அங்கே பாடம் கற்றுக்கொண்டுதான் செஞ்சிலுவைச் சங்கம், யூனிசெஃப், சேவ் த சில்ட்ரன் முதலியவை தேடிச் சேர்க்கும் பணியைப் பெருக்கின. பெயர்கூடச் சொல்லத் தெரியாத சின்னஞ்சிறுசுகளின் படங்களைப் பலகைகளில் ஒட்டி முகாம் முகாமாகக் காட்டினார்கள். 2004இல் ஆறு அமைப்புகள் சேர்ந்து வகுத்த வழிகாட்டு நெறிகள், பிரிந்த குழந்தையைப் பதிவு செய்வதையும் குடும்பத்தைத் தேடுவதையும் முதல் கடமையாக வைத்தன. நெருக்கடியின்போது தத்தெடுப்பு கூடாது என்றன.

கம்போடியா இதே கதையின் அமைதிக்கால வடிவம். போர் முடிந்து பல ஆண்டு கழித்து, 2005க்கும் 2010க்கும் இடையில், அங்கே குழந்தை விடுதிகள் 75 விழுக்காடு பெருகின. அதே காலத்தில் சுற்றுலாப் பயணிகளும் பெருகினார்கள். விடுதிக் குழந்தைகளில் நால்வரில் மூவர் அளவுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தவர்கள். ஒரு மாதம் வந்து கட்டணம் செலுத்தி ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பாசம் காட்டிப் போகும் இளைஞர் ஒவ்வொருவரும் அந்தக் குழந்தைக்கு இன்னொரு பிரிவையும் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டத்தை இயற்றியபோது, இத்தகைய விடுதிகளுக்காகக் குழந்தைகளைத் திரட்டுவதை ஆட்கடத்தலின் ஒரு வகையாகவே விவாதித்தது.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. வன்னிப் போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் இறுதியில், யூனிசெஃப் துணையோடு வவுனியாவில் குடும்பத் தேடல் பிரிவு ஒன்று தொடங்கியது. பிள்ளையைத் தேடிய பெற்றோர் அங்கே படிவம் நிரப்பிப் படத்தைக் கொடுத்தார்கள். அதற்குக் கிடைத்த விடைகள் மிகக் குறைவு. காணாமல் ஆக்கப்பட்டோருக்காகத் தாய்மார்கள் இன்றும் தெருவோரம் அமர்ந்திருப்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. விடை தரவேண்டிய தரப்பு வாய் திறக்காதபோது பதிவேட்டால் செய்யக்கூடியது கேள்வியை அழியாமல் வைத்திருப்பதுதான்.

அரசு ‘மீட்பர்’ ஆகும்போது

2022 வசந்தத்தில் உக்ரைனியத் தாய் ஒருவர் தன் சிறு மகளின் முதுகில் பெயரையும் பிறந்த தேதியையும் தொலைபேசி எண்ணையும் பேனாவால் எழுதிய படம் உலகெங்கும் பரவியது. தாம் இறந்தாலும் குழந்தை யாருடையது என்று தெரியட்டும் என்பதற்காக எழுதியது. அதே ஆண்டு மே 30 அன்று, உக்ரைனின் பெற்றோரற்ற குழந்தைகளுக்கு ரஷ்யக் குடியுரிமையை எளிதாக்கும் ஆணையை மாஸ்கோ பிறப்பித்தது. குழந்தைகளைப் போரிலிருந்து காப்பாற்றியதாகவே ரஷ்ய அரசு சொல்கிறது. வரவேற்பு நிகழ்ச்சிகள், பரிசுப் பைகள், வளர்ப்புக் குடும்பங்கள் எல்லாம் உண்டு. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2023 மார்ச் 17 அன்று அதிபர் புதினுக்கும் குழந்தைகள் உரிமை ஆணையர் மரியா ல்வோவா பெலோவாவுக்கும் பிடியாணை பிறப்பித்தது. உக்ரைன் அரசின் பட்டியலில் பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருக்கிறார்கள்.

இதை அபேஷேயோடும் சைகோனோடும் ஒரே தராசில் வைப்பது அளவுகளைக் குழப்புவதாகும்; ஒரு படையெடுப்பு அரசின் செயலும் சில தொண்டர்களின் செயலும் ஒன்றல்ல. ஆனால் மீட்பு என்ற நியாயம் எல்லோர் கைக்கும் எட்டக்கூடியது என்பதை இது காட்டுகிறது. நல்லெண்ணத்தை அளவுகோலாக வைத்தால் அதைச் சொல்லத் தெரிந்த எந்த அரசும் தப்பித்துக்கொள்ளும். பெயர் மாற்றப்பட்டதா, குடியுரிமை மாற்றப்பட்டதா, பட்டியல் தேடுபவர் கைக்குத் தரப்பட்டதா என்று கேட்டால் தப்பிக்க முடியாது.

இன்று போர்ப் பகுதிக்குப் போய்க் குழந்தைகளுக்கு உதவ விரும்பும் ஓர் இளைஞருக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி உற்சாகமூட்டுவதாக இல்லை. மொழி தெரியாதவருக்கு அங்கே பெரிய வேலை இல்லை. பதிவு செய்வதும் விசாரிப்பதும் உள்ளூர்க்காரர்களால் ஆகிற காரியம். வெளியாரின் பங்கு பெரும்பாலும் பணம், வண்டி, கணினி, இவற்றைப் பல ஆண்டு தொடர்ந்து கொடுக்கும் பொறுமை. தூக்கிக் கொஞ்சும் படம் அதில் கிடைக்காது.

சைகோனிலிருந்து போன குழந்தைகளுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல். தங்கள் ஆவணத்திலுள்ள பெயர் தங்களுடையதா என்றே தெரியாத பலர் டி.என்.ஏ. சோதனையில் இறங்கியிருக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் ஒருவர் உமிழ்நீர் மாதிரி கொடுத்தால் மட்டும் போதாது. வியட்நாமில் பிள்ளையைத் தொலைத்த தாயும் கொடுத்திருந்தால்தான் பொருத்தம் பார்க்க முடியும். அந்தத் தாய்மார்கள் எண்பதை நெருங்குகிறார்கள்; பலரிடம் சோதனைப் பெட்டி வாங்கப் பணமில்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எனவே அன்று விமானத்தில் போன குழந்தைகள் சிலரே இன்று தன்னார்வலர்களாக வியட்நாம் போகிறார்கள். மொழிபெயர்ப்பாளரை உடன் அழைத்துக்கொண்டு, அந்த முதியவர்களிடம் பிள்ளையை எந்த ஆண்டு, எந்த விடுதியில், யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். பிறகு மாதிரி எடுக்கிறார்கள்.